கடல் எந்தப் பக்கம்?

ஆக்லாந்தில் என் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டியை எடுத்து நேர் கீழே தோண்டிக்கொண்டே போனால் ஸ்பெயினில் போய் முளைப்பேன். அதுவும் தென்கோடியில், ரோந்தா என்ற மலை ஊருக்குப் பக்கத்தில். இது நான் கட்டிய கதை இல்லை, பூகோளம். உருண்டையில் எங்களுக்கு நேர் எதிர்ப்புறம் அந்த நாடு. நவம்பர் மாதத்தில் கடிகார முள்ளைக்கூடத் தொட வேண்டாம். இங்கே ராத்திரி பத்து என்றால் அங்கே காலை பத்து. இங்கே வசந்தம், அங்கே இலையுதிர்காலம். இங்கே சாலைக்கு இடப்பக்கம் வண்டி, அங்கே வலப்பக்கம்.

"எல்லாமே தலைகீழ்ண்ணே" என்று விமானத்தில் குலம் அண்ணைக்கு விளக்கியவன் நான்தான். விளக்கியவன் அதைக் கொஞ்சம் ஞாபகத்திலும் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குலம் அண்ணை எனக்கு உடன்பிறந்தவர் இல்லை, ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் பக்கத்து வீடு. நான் மதுரை, அவர் யாழ்ப்பாணம். என் வீட்டில் 'ஆமா', அவர் வீட்டில் 'ஓம்', நடுவில் ஒரு வேலி, வேலிக்கு மேலாகப் போய்வரும் குழம்புச் சட்டி. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போகும் வேலை அவருக்கு.

அவருக்கு ஒரே தம்பி, நேசன். அண்ணை ஊரை விட்டு ஓடிவந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது தலை நரைத்துவிட்டது. ஒரு உல்லாசக் கப்பலின் அடுக்களையில் ராத்திரி முழுக்க ரொட்டி சுடுகிறான். முப்பது வருஷத்துக்கு மேலாக அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டதெல்லாம் போனில். நேசன் நியூசிலாந்து வர விசா கேட்டான், இல்லை என்றார்கள். மறுபடி கேட்டான், மறுபடி இல்லை. "நீங்க இலங்கைக்குப் போய்ப் பாக்கலாமேண்ணே" என்று ஒருமுறை நான் வாயைக் கொடுத்தேன். "அங்கை மட்டும் கால் வைக்க மாட்டன்" என்றார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் நேசனிடமிருந்து செய்தி வந்தது. கப்பல் ஸ்பெயினில் மாலகா துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும். மறுநாள் காதிஸ் துறைமுகத்தில் ஒரு பகல். பிறகு அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் பக்கம் போய்விடும். அடுத்த ஒப்பந்தம் எந்தக் கடலில் என்று அவனுக்கே தெரியாது. மாலகாவில் நண்பகலிலிருந்து மூன்று மணி வரை அவன் இறங்கலாம். ஸ்பெயினுக்குள் போக எங்கள் நியூசிலாந்துக் கறுப்புப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். உலகத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கால் வைக்கக்கூடிய தரை அதுதான்.

அண்ணையின் மனைவி பவளம் அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இவர் வேலை செய்யிற ஆஸ்பத்திரிக்குள்ளையே வழி மாறிப் போற ஆள். நீர் ஒருக்காக் கூடப் போம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆக்லாந்தில் விரி என்ற பகுதியில் ஒரு பெரிய கிடங்கில் லாரிகளுக்கு வழி போட்டு அனுப்புவது என் தொழில். எந்த லாரி எந்தப் பாலத்தில் எத்தனை மணிக்கு நெரிசலில் மாட்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஒரு அண்ணனைத் தம்பியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வேலையா?

மாலகாவில் இறங்கிய அன்றே கோளாறு ஆரம்பமாகிவிட்டது. பெட்டிகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் சுங்கத்தின் பச்சை வழியில் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். என் கால் மட்டும், கொண்டுவந்ததைச் சொல்ல வேண்டியவர்களுக்கான சிவப்பு வழிக்குத் திரும்பியது. நியூசிலாந்து விமான நிலையத்தில் பையில் மறந்து கிடந்த ஒரு ஆப்பிளுக்காக அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஷூவில் ஒட்டிய மண்ணைக்கூட வாக்குமூலமாகக் கொடுத்துப் பழகியவர்கள் நாங்கள். அண்ணையின் பையில் பருத்தித்துறை வடை இருந்தது. தம்பிக்காகப் பவளம் அக்கா சுட்டது. பார்ப்பதற்கு எங்கள் ஊர்த் தட்டையின் ஒன்றுவிட்ட சகோதரன்.

சிவப்பு வழியில் ஆளே இல்லை. நான் விடவில்லை. ஒரு கதவைத் தட்டி, காபி குடித்துக்கொண்டிருந்த அதிகாரியை வெளியே வரவழைத்து, "எங்களிடம் உணவுப்பொருள் இருக்கிறது" என்று சரணடைந்தேன். அவர் வடையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார். கறி உண்டா, பால் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"பின்னே எதற்காக என்னிடம் சொல்கிறீர்கள்?"

"சொல்லித்தான் பழக்கம்."

இன்னொன்றை எடுத்துக்கொண்டு காபிக்குத் திரும்பிவிட்டார்.

"அது நேசனுக்குக் கொண்டுவந்தது" என்றார் அண்ணை, மெதுவாக.

இந்த நேர்மையினால் பஸ் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்தபோது இருட்டிவிட்டது. மாலகாவில் அறை வாடகை ஆக்லாந்தையே வெட்கப்பட வைக்கும் என்பதால், கிழக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் நெர்ஹா என்ற கடலோர ஊரில் தங்க நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். புத்திசாலித்தனத்துக்கு உதாரணமாக அதை நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். வழியெல்லாம் வலப்பக்கம் நிலா வெளிச்சத்தில் கடல் கூடவே வந்தது. இடப்பக்கம் மலை. அந்த நாட்டின் தென்கரை முழுக்க அப்படித்தான்: கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒரு இடுக்கு, அந்த இடுக்கில் சாலை, ஊர், ஹோட்டல் எல்லாமே தோளோடு தோள் இடித்துக்கொண்டு.

மறுநாள் அங்கே ஏதோ புனிதர்கள் திருநாள். கடைகள் மூடியிருந்தன. ஜனங்கள் கை நிறையச் செவ்வந்திப் பூவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திறந்திருந்த ஒரே கடையில் ரொட்டியை வாட்டி, தக்காளியை அரைத்துத் தடவி, மேலே ஒலிவ எண்ணெயை நாம் சாம்பார் ஊற்றுகிற மாதிரி ஊற்றித் தந்தார்கள். அண்ணை வெள்ளிக்கிழமை சைவம். "காய்கறி மட்டும்" என்று கேட்டு வாங்கிய சாலட்டின் உச்சியில் சூரை மீன் உட்கார்ந்திருந்தது. "உது இஞ்சை காய்கறியோ?" என்று தட்டை என் பக்கம் தள்ளினார்.

நண்பகலுக்குத்தான் நேசன் இறங்குவான். நாங்கள் பத்து மணிக்கு முன்பே நெடுஞ்சாலை நிறுத்தத்தில் நின்றோம். அண்ணை இஸ்திரி போட்ட சட்டை, புது ஷூ. வடைப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். சாலையின் இரண்டு பக்கமும் நிறுத்தம் இருந்தது. எதில் நிற்பது என்று நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. மேற்கே போக வேண்டும், மேற்கே பார்த்து நின்றேன், இடக்கைப் பக்கம் இருந்த நிறுத்தத்துக்குப் போனேன். மதுரையில் அப்படி, யாழ்ப்பாணத்தில் அப்படி, ஆக்லாந்தில் அப்படி. ஐம்பது வயதுக் காலுக்கு வேறு விதமாக நடக்கத் தெரியாது.

பஸ் வந்தது. நெற்றியில் இரண்டு ஊர்ப் பெயர், அதில் ஒன்று மாலகா. போதாதா? டிரைவரிடம் "துறைமுகம்" என்று அவர் மொழியில் சொல்லி இரண்டு விரலைக் காட்டினேன். தலையாட்டிச் சீட்டுக் கொடுத்தார்.

"சரியான பஸ்தானே, தம்பி?"

"அண்ணே, அங்க பாருங்க. நேத்து கடல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"வலப்பக்கம்."

"இன்னைக்கு?"

"வலப்பக்கம்."

"அதே கடல், அதே பக்கம். அப்புறம் என்ன?"

"ஓம், அது சரி" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

இதற்கு எங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆக்லாந்து இரண்டு கடலுக்கு நடுவே இடுப்புச் சிறுத்த நகரம். கிழக்கே போனாலும் கடல், மேற்கே போனாலும் கடல். கடலை வைத்துத் திசை பார்க்கும் பழக்கம் எங்களுக்கு வராமலே போய்விட்டது.

ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவுகளில் படிப்படியாக மாமரம். ஆமாம், ஐரோப்பாவில் மாமரம்! பக்கத்திலே வெண்ணெய்ப்பழ மரம், சீத்தாப்பழத்துக்கு அண்ணன் மாதிரி ஒரு பழம். அண்ணை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார். பிறகு மரங்கள் போய் வெள்ளையாக வந்தது. முதலில் பனி என்று நினைத்தேன். பிளாஸ்டிக். மலையடிவாரம் முழுக்கப் பிளாஸ்டிக் கூரை, அதற்கடியில் தக்காளியும் வெள்ளரியும் மிளகாயும். குளிர்காலத்தில் ஐரோப்பா தின்னும் காய்கறியில் பெரும்பங்கு இந்தக் கூரைகளின் கீழேதான் காய்க்கிறதாம். பறிப்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சாலையோரத்தில் அவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். திருநாள் அவர்களுக்கு இல்லை போலிருக்கிறது.

இதை ஒரு படம் எடுத்து, கடலும் தெரிகிற மாதிரி, வீட்டுக்கு அனுப்பினேன். அங்கே ராத்திரி. என் மகள் நிலா விழித்திருந்தாள். ஆக்லாந்தில் பிறந்தவள், அப்பனுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் போடுவாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அப்பா, தென்கரையில் மேற்கே போனால் கடல் இடப்பக்கம் இருக்க வேண்டாமா?"

ஒரு தடவை படித்தேன். இன்னொரு தடவை படித்தேன்.

நேற்று வந்தது மாலகாவிலிருந்து கிழக்கே. இன்றைக்குத் திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போகிறவனுக்குக் கடல் அதே பக்கம் இருந்தால் அவன் திரும்பவில்லை என்று அர்த்தம். பஸ்ஸின் நெற்றியில் இருந்த மாலகா அது கிளம்பிய ஊர்.

அண்ணையிடம் உடனே சொன்னேனா? சொல்லவில்லை. ஒருவேளை இந்தக் கடல் வேறு கடலாக இருக்கலாம் என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். அதற்குள் பஸ் ஒரு ஊருக்குள் நுழைந்து நின்றது. டிரைவர் எங்களைப் பார்த்து, வெளியே நின்ற டாக்சியைக் காட்டி, "துறைமுகம்" என்றார். ஊர் மோத்ரில். அங்கேயும் ஒரு துறைமுகம் இருக்கிறது. அந்தக் கரையில் தடுக்கி விழுந்தால் துறைமுகம்.

ஒரு நப்பாசையில் டாக்சியில் ஏறினேன். துறைமுகத்தில் நிஜமாகவே ஒரு கப்பல் நின்றது. வெள்ளை, பெரியது.

"நேசன்ர கப்பல்!" என்று அண்ணை ஓடினார். அறுபது வயது மனிதர், புது ஷூவில், கையைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு. மேல்தட்டில் நின்ற யாரோ ஒருவன் பதிலுக்குக் கையை ஆட்டினான். "அவன்தான்! அவன்தான்! முடி கொட்டிப்போட்டுது!"

வாசலில் நின்ற காவலரிடம் போனில் மொழிபெயர்த்துக் கேட்டேன். அவர் போனிலேயே பதில் சொன்னார்: இது மொராக்கோ போகும் படகு. உல்லாசக் கப்பல் இன்று இங்கே இல்லை.

நான் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். கை இறங்கியது. மேலே இருந்தவன் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தான், நல்ல மனுஷன்.

"உமக்கு வழி தெரியுமெண்டு சொன்னனீர்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

வந்த டாக்சி போய்விட்டது. ஊருக்குள் நடந்தோம். வெயில், மூடிய கடைகள், பூக்கூடைகள். பஸ் நிலையத்துக்கு எதிரே காபிக்கடை நடத்தும் அம்மாள் எங்களுக்காக நாலு பேருக்குப் போன் போட்டார். டாக்சி வைத்திருக்கும் அவருடைய தம்பி மகன் கல்லறைக்குப் போயிருக்கிறான், அப்புறம் அவன் மாமியார் வீட்டில் சாப்பாடு, சாப்பாடு ஆனால் தூக்கம். "தூங்கினவனை எழுப்பச் சொல்கிறீர்களா?" என்று போன் மொழிபெயர்த்தது. திருநாள் என்பதால் பஸ்ஸும் குறைவு. அடுத்தது இரண்டு மணிக்கு மேல்தான்.

அங்கே தெருவில் ஒரு காக்காய் இல்லை. நகரமே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆக்லாந்தில் மதியச் சாப்பாடு என்பது கம்ப்யூட்டர் முன்னால் ஒரு கையால் நடக்கும் விவகாரம். இவர்கள் அதற்காகக் கடிகாரத்தையே நிறுத்தி வைக்கிறார்கள். வேறொரு நாளில் ரசித்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு கதவையும் உதைக்க வேண்டும் போலிருந்தது. உதைக்காமல் பசியில் வடைப் பைக்குள் கையை விட்டேன். அண்ணை பார்த்தார். கையை எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஒன்று வந்துவிட்டது, அதைத் திருப்பிப் போடுவதும் அசிங்கம் என்று தின்றுவிட்டேன்.

"நேசனுக்கு நீரே சொல்லும்" என்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக் குரல் செய்தி அனுப்பினேன். மூன்று மணி நெருங்கும்போது, நாங்கள் பஸ்ஸில் இருந்தபோது, பதில் வந்தது. அண்ணை போனைக் காதில் அழுத்திக் கேட்டார். எனக்கும் கேட்டது.

"அண்ணை, கேற்றடியில நிண்டனான். பரவாயில்லை. நாளைக்குக் காதிஸுக்கு வாங்கோ. பதினொண்டரைக்கு இறங்குவன், ஒண்டரைக்கு ஏறோணும். நாளைக்கு விட்டா பிறகு தண்ணிதான். அதுசரி, ஆற்ற கப்பலுக்குக் கை காட்டினனீங்கள்?"

அண்ணை சிரிக்கவில்லை. மாலகா வந்து சேர்ந்தபோது கப்பல் துறையை விட்டு விலகி, ஒரு அடுக்குமாடி தெருவை விட்டு நடந்து போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. கடற்கரை நடைபாதையில் நின்று பார்த்தார். இந்த முறை கை காட்டவில்லை.

அன்று மாலை நான் ஜோக் அடிக்கவில்லை. இதை என் மனைவி சாந்தியிடம் போனில் சொன்னபோது, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

வாடகையைப் பார்க்காமல் மாலகாவிலேயே ஒரு அறை எடுத்து, வரைபடத்தை விரித்தேன். கப்பலுக்கும் எங்களுக்கும் ஒரே வழிதான்: தென்கரையோடு மேற்கே போய், ஜிப்ரால்டர் முனையைச் சுற்றி, வடமேற்கே ஏறினால் காதிஸ். கப்பல் தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போகும், பஸ் தரையில் விடிகாலை கிளம்பிப் பதினொன்றுக்கு முன்னால் சேரும் என்று எழுதியிருந்தது. நான்கு பேரிடம் கேட்டேன். கிளம்பும் இடத்தை ராத்திரியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

காலையில் பஸ் நகர்ந்ததும் அண்ணை கேட்டார்: "கடல் எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்ணே."

"இடப்பக்கம் இருக்கோணும்?"

"இடப்பக்கம் இருக்கணும்."

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார். கடல் இருந்தது. வலப்பக்கம் மலைகள் நீலமாக எழும்பின. அதற்குப் பின்னால்தான் ரோந்தா, அதாவது எங்கள் கொல்லைக்கு நேர் கீழே. நேற்று முன்தினமாக இருந்தால் அரை மணி நேரம் பிரசங்கம் செய்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கத்து இருக்கையில் ஒரு பெண். மாலகாவில் ஹோட்டல் வரவேற்பில் வேலை, காதிஸில் அம்மா வீடு. ஆங்கிலம் பேசினாள். "கோடையில் வேலைக்குக் குறைவில்லை, இருக்கத்தான் இடமில்லை. வீடெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு. நான் இரண்டு பேரோடு ஒரு அறையில் இருக்கிறேன்" என்றாள். ஆக்லாந்தில் வாடகை என்றால் என்ன, மார்ட்கேஜ் என்றால் என்ன என்று நான் சொன்னேன். இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து பெருமூச்சு விட்டோம். பூமியின் இரண்டு பக்கமும் தலைகீழாக இல்லாத ஒரே விஷயம் அதுதான்.

அல்ஹெசிராஸில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கிப் போய்விட்டார்.

"எங்கை போறான்?" என்றார் அண்ணை.

"காபி" என்றாள் அந்தப் பெண். "சட்டப்படி ஓய்வு."

அந்தக் காபியை அவர் குடித்த மாதிரி நான் யாரும் குடித்துப் பார்த்ததில்லை. சர்க்கரையைக் கலக்கினார், நண்பரோடு பேசினார், சிரித்தார், மறுபடி கலக்கினார். நான் கண்ணாடி வழியாக அவர் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரியில் என் டிரைவர்களுக்கு இதே ஓய்வைக் கட்டாயமாக எழுதிக் கொடுப்பவன் நான். அவர்களை நினைத்து அன்றுதான் கொஞ்சம் கோபப்பட்டேன்.

தரீஃபாவுக்கு மேலே சாலை ஏறியபோது இடப்பக்கம் தண்ணீருக்கு அப்பால் இன்னொரு மலை நின்றது. "ஆப்பிரிக்கா" என்றாள் அவள், பக்கத்துத் தெருவைக் காட்டுகிற மாதிரி. மலைமுகடெல்லாம் காற்றாலைகள் பேய்பிடித்த மாதிரி சுற்றின. பஸ்ஸே ஆடியது. "இந்தக் காற்று பலமானால் சில கப்பல்கள் காதிஸில் நிற்காமலே போய்விடும்" என்றாள். அவள் சும்மா சொன்னதுதான். அண்ணை என்னைப் பார்த்து, "என்னவாம்?" என்றார்.

"காத்து நல்லா இருக்காம்ணே."

கொஞ்ச நேரத்தில் அண்ணை என் தொடையைப் பிடித்து அழுத்தினார். "தம்பி. கடலைக் காணேல்லை."

பார்த்தேன். இடப்பக்கம் கடல் இல்லை. வலப்பக்கமும் இல்லை. மேய்ச்சல் நிலம், மாடு, ஒரு குன்றின் மேல் வெள்ளை ஊர். அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, "இந்த பஸ் காதிஸ்தானே? காதிஸ்தானே?" என்று கேட்டேன். சாலை கொஞ்சம் உள்ளே போய் வரும் என்றாள். அண்ணை நம்பவில்லை. எழுந்து நின்றுகொண்டார். நானும் எழுந்து நின்றேன். காதிஸுக்குப் பாதி வழி எங்கள் இரண்டு பேரையும் நின்ற கோலத்திலேயே கண்ணாடியில் பார்த்த அந்த டிரைவர் என்ன நினைத்தாரோ.

திடீரென்று அண்ணை அலறினார்: "தம்பி! கடல் ரெண்டு பக்கமும் இருக்கு!"

காதிஸ் அப்படித்தான். கடலுக்குள் நீட்டிய கை. மணிக்கட்டு மாதிரி ஒடுங்கிய மணல் திட்டில் சாலை போகிறது, இடப்பக்கம் மகா சமுத்திரம், வலப்பக்கம் வளைகுடா, நுனியில் உள்ளங்கை மாதிரி பழைய ஊர். எங்கள் ஆக்லாந்தை ஒரு சின்னப் படமாக வரைந்த மாதிரி இருந்தது. மூன்று நாளில் முதல் முறையாக எனக்கு வழி தெரிந்த இடத்துக்கு வந்ததுபோல் இருந்தது.

கட்டடங்களுக்கு மேலே கப்பல் தெரிந்தது. அதே கப்பல். பெயரை அண்ணை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார்.

பஸ் தாமதமாகத்தான் சேர்ந்தது, மணி பன்னிரண்டு. நிலையத்திலிருந்து துறைமுக வாசலுக்கு நடை தூரம், நடுவில் ஒரு அகலச் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம், வெள்ளைக் கால்சட்டையும் நீலக் குளிர்ச்சட்டையுமாக ஒருவன் கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்டு நின்றான். அண்ணை என் கையை உதறினார்.

நாங்கள் சின்ன வயதில் படித்தது ஒன்றே ஒன்று: வலப்பக்கம் பார், வண்டி இல்லையென்றால் இறங்கு. அண்ணை வலப்பக்கம் பார்த்தார். வண்டி இல்லை. இறங்கினார். எதிர்ப்பக்கம் அவனும் தனக்கு வலப்பக்கம் பார்த்தான். வண்டி இல்லை. இறங்கினான்.

இரண்டு பேருக்கும் இடப்பக்கத்திலிருந்துதான் வண்டி வந்துகொண்டிருந்தது.

நான் அண்ணையின் காலரைப் பிடித்து இழுத்தேன், சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. ஒரு மோட்டார் சைக்கிள் அவர் வயிற்றை உரசிக்கொண்டு, அவருடைய அம்மாவைப் பற்றி ஏதோ கத்திக்கொண்டு பறந்தது. அந்தப் பக்கம் ஒரு டாக்சி கிறீச்சிட்டு நேசனின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவன் கக்கத்திலிருந்து ஒரு நீள ரொட்டி சாலையில் உருண்டது.

பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் எழுந்தது.

"ஐயோ அண்ணை! கண் தெரியேல்லையோ?"

"டேய், உனக்குத் தெரியுதோடா?"

முப்பது வருஷத்துக்கு மேல் சேர்த்து வைத்த முதல் வார்த்தை இதுதான். டாக்சிக்காரர் கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, கையை நீட்டிப் போகச் சொன்னார். நேசன் ரொட்டியைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

அண்ணை கட்டிப்பிடிக்கவில்லை. கையை உயர்த்தித் தம்பியின் தலையைத் தொட்டார். தொட எட்ட வேண்டியிருந்தது.

"நீ இவ்வளவு உயரமோ?"

போனில் முகம்தானே தெரியும். இத்தனை வருஷமும் அவர் மனதில் நேசன் நெஞ்சு உயரத்திலேயே நின்றிருக்கிறான்.

எதிரே சதுக்கத்தில் ஆரஞ்சு மரத்தடியில் ஒரு பெஞ்சு. நேசன் அன்று அதிகாலையில் சுட்ட ரொட்டி, கொஞ்சம் தார்வாசனையோடு. பவளம் அக்காவின் வடை, பாதி தூளாக. வடையைக் கடித்து, கண்ணை மூடி, "குறையுதே. ஆர் திண்டது?" என்றான் நேசன்.

"ஒரு அதிகாரி" என்றேன்.

"இவரும்" என்றார் அண்ணை.

அவர்கள் பெரிதாக எதுவும் கதைக்கவில்லை. கப்பலில் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு மா பிசைவான், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எத்தனை சக்கரம், முழங்கால் வலிக்கு என்ன பூசுகிறான். அண்ணை தம்பியின் உள்ளங்கையில் சூட்டுத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்துக் கடையில் பொரித்த மீன் வாங்கிவருகிறேன் என்று எழுந்து போய், வரிசையே இல்லாத இடத்தில் வெகுநேரம் நின்றேன்.

ஒன்றே கால் ஆனது. மூன்று பேரும் சாலையோரம் வந்தோம். இந்த முறை ஒழுங்காக, விளக்கு இருக்கும் இடத்தில்.

விளக்கில் பச்சை மனிதன் எரிந்தான். யாரும் நகரவில்லை.

"வண்டி வாறமாதிரிக் கிடக்கு" என்றார் அண்ணை.

வண்டி ஒன்றும் வரவில்லை. விளக்கு சிவப்பானது. பக்கத்தில் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு கடந்து போயிருந்தார்கள். மறுபடி பச்சை.

"புது ரோட்டு. அவசரப்படக் கூடாது" என்றான் நேசன்.

"ஆமா ஆமா" என்றேன் நான். "நேத்துக்கூட ஒருத்தர் அவசரப்பட்டு மொராக்கோ கப்பலுக்குக் கை காட்டினார்."

சிரித்தார்கள், அண்ணையும்தான். சிரித்து முடிப்பதற்குள் மறுபடி சிவப்பு. ஒரு வயதான ஸ்பானிய அம்மாள் நின்று, எங்களுக்கு உதவி வேண்டுமோ என்பதுபோல் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். கப்பல் ஒரு தரம் ஊதியது.

மூன்றாவது பச்சைக்கு நேசன் அண்ணையின் கிழிந்த காலரைச் சரிசெய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினான்.

"இடப்பக்கம் பாரடா!" என்று கத்தினார் அண்ணை. நடுச்சாலை வரை அது சரி. அதற்கு மேல் வலப்பக்கம் பார்க்க வேண்டும். அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கிழிந்த காலரோடு நடைபாதை விளிம்பில் நுனிக்காலில் நின்று இன்னும் உரக்கக் கத்தினார்:

"இனி வலப்பக்கம்!"

நேசன் முதுகைக் காட்டியபடியே ஒரு கையைத் தூக்கினான். சொன்னபடி வலப்பக்கம் பார்த்தான். அப்புறம்தான் கடந்தான்.